கழுவக் கூடாத செம்புத் தொட்டி

வெஸ்ட்ராப் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம், மிச்சிகன். ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை 10.20 மணி.

என் பெயர் வெஸ்லி ப்ரிங்க். தகப்பனார் பெயர் ராய் ப்ரிங்க், உயிரோடு இல்லை. வயது 24. தொழில் வெல்டிங் மற்றும் விவசாய இயந்திரப் பழுது. இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். விலாசம், திங்கட்கிழமை மதியம் வரை பழைய 46ஆம் எண் சாலையில் உள்ள 'துருவும் ரோஜாவும்' கடையின் மாடி அறை. அதன் பிறகு என் டிரக். டிரக்கை விலாசமாகப் போட முடியாது என்று துணை ஷெரிஃப் க்விஸ்ட் சொன்னதால் கடை விலாசமே மேலே போடப்பட்டுள்ளது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்வதாக இருந்தது. அவர் இரண்டு விரலால் தட்டுகிறார், எனக்குப் பொறுமையில்லை, ஆகவே என் கையாலேயே எழுதுகிறேன்.

மேற்படி கடை என் தாயாரின் தங்கை டானா ஹுக்ஸ்ட்ராவுடையது. அவருக்கு வயது 51. நான் சித்தி என்று அழைப்பதால் இதிலும் அப்படியே எழுதுகிறேன். கடை இருப்பது முன்பு ஆப்பிள் பெட்டி கட்டும் கொட்டகையாக இருந்த இடத்தில். அதன் பின்பக்கம் என் பட்டறை. இரண்டு வருடமாக அங்கே வேலை செய்து வந்தேன். கடையில் விற்பது என்னவென்றால், மற்றவர்கள் களஞ்சியத்தில் சாகப் போட்டுவிட்ட சாமான்கள். பன்றி தின்ற தொட்டியைச் சாலட் வைக்கும் பாத்திரம் என்று விற்றிருக்கிறோம். எலி குட்டி போட்ட தோல்பெட்டியைக் குழந்தைகளின் பொம்மை போட்டு வைக்க விற்றிருக்கிறோம். கோழி முட்டையிட்ட கூண்டில் ஒருவர் தன் சமையலறை ரொட்டியை அடுக்கி வைத்து, படம் எடுத்து அனுப்பினார். கூண்டின் மூலையில் எச்சம் ஒட்டியிருந்தது படத்திலேயே தெரிந்தது. புது இரும்புத் தகடு வந்தால் அதன்மேல் வினிகரும் உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து தெளித்து ஒரே மதியத்தில் துருப்பிடிக்க வைப்பதும் என் வேலை. துருவை எடுக்கத்தான் நான் படித்தேன்.

கடையில் எதையும் கழுவக் கூடாது என்பது விதி. சேர்ந்த முதல் மாதம் ஒரு பழைய பால்கேனை நான் அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்துவிட்டேன். சித்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "முட்டாப் பயலே, எண்பது வருஷத்தை அஞ்சு நிமிஷத்துல கழுவி ஊத்திட்டியேடா. இதை இப்போ எவன் வாங்குவான்? புதுசு மாதிரி இருக்கு" என்றார். விற்கும் ஒவ்வொரு பொருளின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கும். அதில், கழுவாதீர்கள், இந்தக் கறை இனிக் கிடைக்காது என்று அச்சடித்திருக்கும். ஞாயிறுதோறும் நகரத்திலிருந்து கார்களில் வருகிறவர்கள் அந்தக் கறையைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு அம்மா மாட்டுக் கொட்டில் பலகையை முகர்ந்து, "பசுமாட்டு வாசம் இன்னும் போகலை பாருங்க" என்று தன் கணவரிடம் காட்டினார். நான், "அது மாடு இல்லைங்க, எலி மூத்திரம்" என்றேன். அன்று முதல் வாடிக்கையாளர் யாரோடும் நான் பேசக் கூடாது, பட்டறையைவிட்டு வெளியே வரவே கூடாது என்று சித்தி உத்தரவு போட்டார். அதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

ஜூன் மாதம் 8ஆம் தேதி சனிக்கிழமை, ஹெங்க் ஸ்டெஃபன்ஸ் என்பவரின் ஆப்பிள் தோட்டத்துக் களஞ்சியத்தைக் காலி செய்து எடுத்துக்கொள்ள நானும் சித்தியும் போனோம். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். அங்கே மூலையில் கோணிச் சாக்குக்கு அடியில் பத்து காலன் பிடிக்கும் செம்புத் தொட்டி ஒன்று கிடந்தது. பித்தளைப் பம்பும் தயாரித்தவர் பெயர் பொறித்த தகடும் இருந்தன. வாய் நான்கு அங்குலம். சித்தி அதைப் பார்த்ததும் மற்ற சாமான்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் மூடியைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தேன். உள்ளே அடியிலும் பக்கத்திலும் வெளுத்த ரோஜா நிறத்தில் பொருக்கு, சில இடங்களில் கால் அங்குல கனம். ஹெங்க் பெரியவர் அப்போது, "தம்பி, கையை உள்ளே விடாதே. எங்கப்பா காலத்துல புழுவுக்கு மருந்து அடிச்ச தொட்டி. மைதா மாவுன்னு நெனச்சு யாரும் ரொட்டி சுட்டுடக் கூடாதுன்னுதான் அந்த மருந்துக்கே ரோஜாச் சாயம் போட்டு வித்தானுங்க. எங்கப்பா அதைத் தொட்டா, குளிக்காம சாப்பாட்டு மேஜைக்கு வரமாட்டாரு" என்றார். சித்தி அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். "உங்கப்பா நல்ல சுத்தக்காரர்தான் போலிருக்கு பெரியவரே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆகவே அவர் கேட்டார் என்பதில் சந்தேகமில்லை.

அந்த மருந்து லெட் ஆர்சனேட். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் பழைய தோட்ட நிலத்தில் வீடு கட்டுகிறவர்கள் அதற்காகத்தான் மண்ணைப் பரிசோதிக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு முழு வாரம் அதைப் படித்தோம். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. புளிப்பில் கரையும்.

அதன் பிறகு வீட்டுக்கு வரும் வழியில், டிரக்கில், இந்தத் தொட்டியைப் பானம் ஊற்றும் தொட்டியாக மாற்றப் போவதாகச் சித்தி சொன்னார். கீழே ஒரு பித்தளைக் குழாய் வைத்தால் போதும் என்றார். இதில் யாரும் குடிக்கக் கூடாது என்றேன். "யாருடா குடிக்கப் போறா? சும்மா பார்வைக்கு" என்றார். பார்வைக்கு என்றால் குழாய் எதற்கு என்று கேட்டேன். "குழாய் இருந்தாத்தான் பார்க்க நெஜமா இருக்கும். நீ இரும்பைப் பாரு, நான் மனுஷங்களைப் பார்க்கறேன்" என்றார். சரி, உள்ளேயாவது சுரண்டிக் கழுவித் தருகிறேன் என்றேன். உள்ளே கழுவினால் தண்ணீரும் கழுவும் ஆசிட்டும் வெளியே வழிந்து செம்பின் பச்சைக் கறை போய்விடும், கறை போனால் அது வெறும் பாத்திரம் என்றார். அதன் பிறகு முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மூன்று நாளில் அந்த வேலையை முடித்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்ததும் ஒரு அலுமினியத் தகட்டில் எழுத்து அச்சுகளைச் சுத்தியலால் அடித்து, 'அலங்காரத்துக்கு மட்டும், உள்ளே விஷம்' என்று பொறித்து, தொட்டியின் கைப்பிடியில் கம்பியால் கட்டினேன். இரண்டு நாள் கழித்து அந்தத் தகடு பட்டறையில் உடைசல் போடும் டிரம்மில் கிடந்தது. கைப்பிடியில் வழக்கமான அட்டை தொங்கியது. சித்தியிடம் கேட்டேன். "விஷம்னு எழுதின சாமானை எவ தன் வீட்டு விசேஷத்துக்கு வாங்குவா? யோசிக்க மாட்டியா?" என்றார். தகட்டை நான் டிரம்மிலிருந்து எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். திரும்பக் கட்டவில்லை. அது இப்போது துணை ஷெரிஃபிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி சுமாருக்கு, ஜோலீன் பௌவர் என்ற அம்மாள் அந்தத் தொட்டியை எடுத்துப்போக வந்தார். அவர் மகளுக்கு மறுநாள் கல்யாணம். எங்கள் பகுதியில் இப்போது கல்யாணத்தைக் களஞ்சியத்தில் வைப்பதுதான் வழக்கம். மாட்டைக் கட்டிய இடத்தில் மாப்பிள்ளையை நிறுத்துகிறார்கள். பட்டறைக்கும் கடைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான், அதிலும் பாதி ஓட்டை. நான் ஒரு கலப்பைக் கொழுவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், தேய்ந்த சக்கரத்தை மாற்றுவதற்காகக் கிரைண்டரை நிறுத்தியிருந்தேன். ஜோலீன் அம்மாள், "டானா, உள்ளே ஏதோ வெளுப்பா இருக்கே, தேய்ச்சுக் கழுவணுமா?" என்று கேட்டார். சித்தி, "ஐயையோ, தேய்ச்சுடாதீங்க. குழாய்த் தண்ணியில ஒரு அலசு அலசினா போதும். அந்தக் காலத்துச் சுண்ணாம்பு அது" என்றார். ஜோலீன் அம்மாள், "எங்க வீட்டு எலுமிச்சைச் சாறுக்கு இப்படி ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார். இதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் எனக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். அதன் பிறகு நான் கிரைண்டரை ஓட்டினேன். மாற்ற வேண்டிய சக்கரத்தை மாற்றாமலே ஓட்டினேன். நிறுத்தியபோது அவர் வண்டி போயிருந்தது.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அங்கே நடந்ததாக இனி எழுதுவது ஜோலீன் அம்மாள் ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் சொன்னது. காலை பத்து மணிக்கே சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து தொட்டி நிறைய ஊற்றி வைத்திருக்கிறார்கள். குடித்தது மூன்று மணிக்கு மேல். ஐந்து மணி நேரம் ஊறியிருக்கிறது. குடித்தவர்களில் சிலர் நாக்கில் உலோகச் சுவை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் இரண்டாவது கோப்பையையும் வாங்கிக்கொண்டு, "செம்புல வச்சா இப்படித்தான். இதுதான் அந்தக் காலத்து ருசி" என்றாராம். ஜோலீன் அம்மாளின் மகன் வயிற்றுப் பேத்தி டெஸ்ஸா, வயது ஆறு, மணப்பெண்ணுக்கு முன்னால் பூத் தூவிப் போனவள். அவளுக்குக் குழாயைத் திறந்து மூடப் பிடித்துப்போய், வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். குழாய் சொட்டாமல், இறுகாமல், ஒரு விரலுக்குத் திறந்ததாம். ஜோலீன் அம்மாள் இதைச் சொன்னபோது அந்தக் குழாயை வைத்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது.

அன்று மாலையிலிருந்து முப்பத்தொரு பேருக்கு வாந்தியும் பேதியும். நான்கு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அதில் டெஸ்ஸாவும் ஒருத்தி. வெயிலில் வைத்த உருளைக்கிழங்கு சாலட்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதைச் செய்து கொண்டுவந்தவர் லோயிஸ் க்ராஃப்ட் என்ற எழுபது வயது அம்மாள். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவருடைய சாலட்தான். ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்கில் காபி எடுக்கப் போனபோது, "லோயிஸ் கிழவி தான் மட்டும் போய்ச் சேராம, துணைக்கு முப்பது பேரைக் கூட்டிட்டுப் போகப் பார்த்தா" என்று ஒருவன் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் காபியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிறு முழுவதும் அது சாலட்தான் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்று எழுதுவது சரியில்லை. நம்புவது சௌகரியமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சித்தி வெளியே போய்விட்டு, பத்து மணிக்கு அந்தத் தொட்டியோடு திரும்பி வந்தார். குழாயின் பிடி இளகியிருக்கிறது, சரி செய்து தருகிறேன் என்று ஜோலீன் அம்மாள் வீட்டில் சொல்லி வாங்கி வந்ததாகச் சொன்னார். குழாயில் எந்தக் கோளாறும் இல்லை. தொட்டியை என் மேஜைமேல் வைத்து, "தேய்டா. இரும்பு பிரஷ் எடு, ஆசிட் எடு, என்ன வேணும்னாலும் எடு. உள்ளே பளபளன்னு ஆகணும்" என்றார். இரண்டு வருடத்தில் ஒரு பொருளைக் கழுவு என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்ட பிறகு எனக்குச் சாலட் பற்றிய நம்பிக்கை போய்விட்டது.

உள்ளே பார்த்தேன். ஜூன் மாதம் கால் அங்குலம் இருந்த பொருக்கு, பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. அடியில் ஒரு எலுமிச்சை வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவ மாட்டேன், இதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன், அங்கே தப்பான வியாதிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். சித்தி கதவை மறித்து நின்றார். "நாம குடிக்கச் சொன்னோமாடா? மருந்து டப்பாவுல பூச்செடி வச்சு வித்திருக்கோம், எந்தப் பூ செத்துச்சு? எல்லாரும் ரெண்டு நாள்ல எழுந்து உட்கார்ந்துடுவாங்க. லோயிசுக்கு வயசாச்சு, அவளை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டாங்க, நாலு வாரத்துல மறந்துடுவாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஆறு வயது என்றேன். "இந்தக் கடை போச்சுன்னா உனக்கும் படுக்க இடம் கிடையாது, அதை நெனச்சுக்கோ" என்றார். நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, அவர் நகராததால் ஜன்னல் வழியாக இறக்கி, டிரக்கில் வைத்துக் கட்டினேன். அவர் பின்னாலேயே வந்து, என் துணிப்பையையும் படுக்கையையும் மாடியிலிருந்து தூக்கிச் சரளையில் போட்டார். போட்டுவிட்டு, "பூட்ஸ் வேணுமா, அதையும் போடறேன்" என்றார். வேண்டும் என்றேன். போட்டார்.

அதன் பிறகு நாற்பது மைல் ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்றே கால் மணி. குழந்தைகள் பகுதியின் நடைவழியில் லோயிஸ் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முட்டை வாங்கிய தேதி, அவித்த நேரம், ஐஸ் பெட்டியில் வைத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தார். டாக்டர்கள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஜோலீன் அம்மாள் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். நான் யாரென்று சொல்லாமல், தொட்டியில் என்ன ஊற்றினீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். மேலே எழுதியதை அவர் அப்போதுதான் சொன்னார். அதன் பிறகு பணியில் இருந்த டாக்டர் அம்மாவிடம் தொட்டியைக் கொடுத்து, உள்ளே இருப்பது லெட் ஆர்சனேட், ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் ரத்தத்தைப் பாருங்கள் என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடினார். லோயிஸ் அம்மாள் என் சட்டையைப் பிடித்து, "அப்போ என் சாலட் இல்லையா தம்பி?" என்று கேட்டார். இல்லைம்மா என்றேன். அவர் அந்தத் தாளை நான்காக மடித்து ஜோலீன் அம்மாளின் கையில் வைத்துவிட்டு, லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ரத்தத்தில் இரண்டும் இருப்பது தெரிந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் தேறி வருகிறார்கள். டெஸ்ஸாவுக்கு மாற்று மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை இரவே ஆரம்பித்திருந்தால் சிறுநீரகம் நின்றிருக்காது என்று டாக்டர் அம்மா சொன்னார். இன்று காலை ஏழு மணிக்கு நான் விசாரித்த வரையில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் வைத்திருக்கிறார்கள், கண் திறந்து பார்க்கிறாள், பேசவில்லை.

இதுவரை நான் எழுதியதைத் துணை ஷெரிஃப் க்விஸ்ட் படித்தார். படித்துவிட்டு, "உன் சித்தியோட வக்கீல் காலையில வந்துட்டுப் போனார். அது அலங்காரப் பொருள், உன் தகடே அதுக்குச் சாட்சின்னு சொல்றார். உனக்கும் அது நல்லதுதான் தம்பி. எச்சரிக்கை கட்டியிருக்கே. யாரும் குடிக்க மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் குழாயை வச்சே. அப்படித்தானே? அதை மட்டும் ஒரு வரி சேர்த்துடு" என்றார்.

அந்த வரியைச் சேர்க்க முடியாது. செம்பில் குழாயை வைத்து உருக்கிப் பற்றவைக்கும் சாதாரண சால்டர் கம்பி பட்டறையில் இரண்டு சுருள் இருந்தது. அதில் பாதி ஈயம். அலங்காரத்துக்கு வைக்கும் குழாய்க்கு அது போதும். ஜூன் 11ஆம் தேதி நான் அதை விட்டுவிட்டு, பதினெட்டு மைல் போய், குடிதண்ணீர்க் குழாய்களுக்கென்றே விற்கும் ஈயமில்லாத கம்பியையும், உணவுப் பொருளுக்கென்று முத்திரை போட்ட ரப்பர் வளையத்தையும் வாங்கி வந்து போட்டேன். சித்தி கேட்கவில்லை, அவருக்கு அந்த வித்தியாசமே தெரியாது. அதில் குடிப்பார்கள் என்று தெரிந்துதான் வாங்கினேன். என் வேலையிலிருந்து ஒரு துளி ஈயம்கூட யார் வயிற்றிலும் போகக் கூடாது என்று கவனமாக இருந்தேன். ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வக்கீல் வேண்டுமா என்று துணை ஷெரிஃப் கேட்டார். இதை எழுதி முடித்த பிறகு யோசிக்கிறேன் என்றேன்.

மேலே உள்ளவற்றில் நான் கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் என்னுடையதாகவும், பிறர் சொன்னதை அவர்கள் சொன்னதாகவும் பிரித்து எழுதியிருக்கிறேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. இதில் பொய்யிருந்தால் அதற்குரிய தண்டனை எனக்குத் தெரியும், பொய்யில்லாவிட்டால் உரியதும் தெரியும்.

(ஒப்பம்) வெஸ்லி ப்ரிங்க்
காலை 11.55 மணி

என் முன்னிலையில் எழுதி ஒப்பமிடப்பட்டது. இணைப்பு: அலுமினியத் தகடு ஒன்று, ரசீது ஒன்று.
(ஒப்பம்) துணை ஷெரிஃப் க்விஸ்ட்